‘அடுத்து யாரு’ ஆப்பில் ஒரு திருத்து பட்டன்

பிப்ரவரி 2

லிப்ட் மெக்கானிக் சாருக்கு,

உங்கள் ‘அடுத்து யாரு’ ஆப்பை நேற்று ஒரே நாளில் பதினோராயிரத்துச் சொச்சம் பேர் போனில் ஏற்றிவிட்டார்கள், தயவுசெய்து உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

நான் யார் என்று சொல்லவே இல்லை பாருங்கள். ஜெராக்ஸ் கடையில் வேலை. வேலை போக மீதி நேரமெல்லாம் ‘பூட்டில்லாப் பெட்டி’ என்று நெட்டில் ஒரு பட்டியல் நடத்துகிறேன். வாரம் ஒரு ஆப். எல்லாமே ஓப்பன் சோர்ஸ். அதாவது உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், காசு கிடையாது, விளம்பரம் கிடையாது. இது உங்களுக்கே தெரியும், ஆனாலும் சொல்லிப் பழகிவிட்டது. மூன்று வருடம் முன்னால் ஒரு டார்ச் ஆப் என் போனில் இருக்கிற நம்பரையெல்லாம் படிக்க அனுமதி கேட்டது. வெளிச்சம் அடிக்க என் சித்தி நம்பர் எதற்கு? அன்றைக்கு ஏறிய சூடு இன்னும் இறங்கவில்லை. அந்தச் சூட்டில்தான் கம்ப்யூட்டர் கோடு எழுதவே கற்றுக்கொண்டேன், எல்லாம் வீடியோ பார்த்து.

நாங்கள் ஐந்து பெண்கள் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருக்கிறோம். வாஷிங் மெஷின் ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த மெஷின் முன்னால் நடந்த சண்டையைக் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரர்கள் டிக்கெட் வாங்கியிருப்பார்கள். உங்கள் ஆப்பைத் தேடிப் பிடித்துப் போட்டேன். யார் முறை, யார் எத்தனை தடவை செய்தார்கள், அடுத்து யார், அவ்வளவுதான். ஐந்து போனிலும் ஒரே பட்டியல். சண்டை நின்றுவிட்டது. என்னோடு தங்கியிருக்கும் நர்ஸ் அக்கா சொன்னது: “இதை எழுதின மனுசன் நல்லா அடிபட்ட ஆளா இருக்கணும்டி.”

அதைத்தான் பட்டியலில் போட்டேன். பாத்திரம் கழுவ, குப்பை கொட்ட, நாயை நடத்திக் கூட்டிப்போக, பிள்ளையைப் பள்ளியில் விட, எல்லாவற்றுக்கும் ஆகும் என்று எழுதினேன். காட்டுத்தீ மாதிரிப் பரவிவிட்டது.

ஒரே ஒரு குறை. ஒரு தடவை பதிந்ததைத் திருத்த முடியவில்லை. திருத்து பட்டன் ஒன்று போட்டுக் கொடுத்துவிடுங்கள் சார். பெரிய வேலை இல்லை.

இப்படிக்கு,
பட்டியல்காரி (எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்)


பிப்ரவரி 6

பட்டியல்காரிக்கு,

உட்காரச் சொன்னீர்கள். உங்கள் மெயில் வந்த நேரம் நான் பதினான்காவது மாடியில், லிப்ட் பெட்டியின் கூரைமேல் நின்றிருந்தேன். உட்கார இடம் இல்லை. போன் அடித்துக்கொண்டே இருந்தது. யாரோ உள்ளே மாட்டிக்கொண்டு கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து எடுத்தால், ஆப்பில் நீல நிறம் ஏன் இல்லை என்று ஒருவர் கேட்டிருந்தார்.

நான்கு நாளில் முந்நூற்று நாற்பது மெயில். எல்லாவற்றையும் படித்தேன், படிக்காமல் விட எனக்குத் தெரியாது. ஒருவர் தன் குழந்தைகள் இருவர் பெயரும் ஒரே எழுத்தில் தொடங்குகிறது என்பதற்காக என்னைத் திட்டியிருக்கிறார். இன்னொருவர் ‘உங்கள் நிறுவனத்தின் சேவை மோசம்’ என்கிறார். நிறுவனம் என்றால் நான், என் கருவிப்பை, ஒரு பழைய லேப்டாப்.

பட்டியலில் போடும் முன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? நான் மூன்று பேருக்காக எழுதிய ஆப் அது. நான் எழுதக் கற்றுக்கொண்டதே மற்றவர்கள் இலவசமாகப் போட்டு வைத்திருந்ததைப் பார்த்துத்தான், அதனால் நானும் என்னுடையதைத் திறந்து வைத்தேன். திறந்து வைத்தது வேறு, ஊரைக் கூட்டி வந்து உள்ளே விடுவது வேறு.

திருத்து பட்டன் கிடையாது. காரணம் சொல்கிறேன், ஒரே தடவைதான். ஒவ்வொரு லிப்டுக்கும் மேலே மெஷின் ரூமில் ஒரு நோட்டு தொங்கும். வேலை பார்க்கிற ஒவ்வொருவரும் என்ன செய்தோம் என்று பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். தப்பாக எழுதினால் அடிக்கக் கூடாது. கீழே புது வரியில் ‘மேலே உள்ளது தவறு, சரியானது இது’ என்று எழுதி மறுபடி கையெழுத்து. ஒருத்தன் எழுதினதை இன்னொருத்தன் தொடவே கூடாது. பின்னால் ஒரு லிப்ட் நடுவில் நின்றால், யார் என்ன பண்ணினான் என்று அந்த நோட்டுதான் சொல்லும். என் ஆப் அந்த நோட்டு. அவ்வளவுதான்.

லிப்ட் மெக்கானிக்


பிப்ரவரி 7

சார்,

படித்துவிட்டு அரை மணி நேரம் ஜெராக்ஸ் மெஷினில் பேப்பர் மாட்டிக்கொண்டதைக்கூடக் கவனிக்கவில்லை, அவ்வளவு கோபம்.

கேட்காமல் போட்டது தப்பு. சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கடையைத் திறந்து விளக்கைப் போட்டுவிட்டு ஆள் வந்தால் ‘ஏன் வந்தாய்’ என்று கேட்கிற கடைக்காரரை நான் பார்த்ததே இல்லை. ஓப்பன் சோர்ஸ் என்றால் என்ன என்று நான் மூவாயிரம் பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். உள்ளே வாருங்கள், உங்களுக்கு வேண்டிய மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள் என்பதுதானே அது? நீங்கள் உள்ளே வந்தவர்களைப் பார்த்து லிப்ட் கதவை மூடுகிறீர்கள்.

வாஷிங் மெஷின் என்ன லிப்டா, அறுந்து விழ? போன வாரம் நர்ஸ் அக்கா கண்ணாடி போடாமல் அமுக்கி, என் முறையைத் தன் பெயரில் பதிந்துவிட்டார். ‘மேலே உள்ளது தவறு’ என்று கீழே எழுதுவதற்குள் மற்ற மூன்று பேர் வந்து எண்ணி, யாருக்கு இரண்டு முறை, யாருக்குப் பூஜ்யம் என்று மறுபடி பஞ்சாயத்து. ஒரு தவறைச் சரி செய்ய இரண்டு வரி எதற்கு? நாங்கள் ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் நம்புகிறோம். நம்பாதவர்களுக்காக எழுதின ஆப்பை நம்புகிறவர்களும் பயன்படுத்தக் கூடாதா?

நேற்று ராத்திரி உட்கார்ந்து நானே திருத்து பட்டன் எழுதிவிட்டேன். நாற்பத்திரண்டு வரி. ஐந்து போனில் ஓட்டிப் பார்த்தோம், வெண்ணெய் மாதிரி ஓடுகிறது. இணைத்திருக்கிறேன். சேர்த்துக்கொள்ள உங்களுக்கு ஒரு நிமிடம் ஆகாது.

பட்டியல்காரி


பிப்ரவரி 19

பட்டியல்காரிக்கு,

பன்னிரண்டு நாள் யோசித்தேன். யோசித்தேன் என்பதைவிட மெயில் படித்தேன் என்பது சரி. தொள்ளாயிரம் தாண்டிவிட்டது. அதில் எழுநூறு பேர் உங்கள் பட்டனைத்தான் கேட்கிறார்கள்.

நேற்று ஒரு ஆஸ்பத்திரி லிப்டில் வேலை. கீழே என் உதவியாள் நிற்கிறான், மேலே நான். போன் பார்த்துக்கொண்டே ‘ஓட்டு’ என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாத நேரம். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் நான் கீழே இறங்கியதும் அவன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. “அண்ணே, உங்களுக்கு அந்த ஆப் வேணுமா நாங்க வேணுமா?” என்றான்.

அதனால் ஆப்பை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். வெளியிடும் உரிமை, சாவி, பாஸ்வேர்ட் எல்லாம் தனியாக அனுப்பியிருக்கிறேன். பட்டன் போடுங்கள், நீலம் அடியுங்கள், இஷ்டப்படி செய்யுங்கள். எனக்கு மெயில் வராமல் இருந்தால் போதும்.

லிப்ட் மெக்கானிக்


பிப்ரவரி 27

லிப்ட் அண்ணா,

இனிமேல் அண்ணாதான். சாவியையே கையில் கொடுத்தவரை சார் என்று கூப்பிட மனசு வரவில்லை.

புதுப் பதிப்பு நேற்றுக் காலை பத்து மணிக்கு வெளியானது. திருத்து பட்டன் உண்டு. நீலமும் உண்டு, சும்மா இருக்கட்டும் என்று. யார் பதிந்ததையும் குழுவில் இருக்கிற யாரும் திருத்தலாம். திருத்தினால் பழைய வரி போய்ப் புது வரி அதே இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். அடித்தல் இல்லை, கிறுக்கல் இல்லை, ஸ்கிரீன் துடைத்து வைத்த தரை மாதிரி இருக்கிறது. தானாகப் புதுப்பிக்கிற வசதி இருக்கிற போன்களில் எல்லாம் இதற்குள் ஏறியிருக்கும்.

வந்த பாராட்டைப் பார்த்தீர்களென்றால் அழுதுவிடுவீர்கள். ‘கடைசியில் யாரோ காது கொடுத்துக் கேட்டார்கள்’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இதில் உங்களுக்கு ஒரு சின்னக் குத்து இருக்கிறது, பெரிய மனது பண்ணிப் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு வந்த தொள்ளாயிரம் மெயிலுக்கும் நானே பதில் போட்டு வருகிறேன். இருநூற்றுப் பத்து முடிந்தது.

உங்கள் தங்கச்சி மாதிரி,
பட்டியல்காரி


மார்ச் 5

எனக்குத் தங்கச்சி ஒருத்தி இருக்கிறாள். அவளைப் பற்றித்தான் இந்தக் கடிதம். முழுக்கப் படி. இனிமேல் உனக்கு ‘நீங்கள், வாருங்கள்’ கிடையாது.

மூன்று பேருக்காக எழுதிய ஆப் என்று சொன்னேன் அல்லவா? என் அண்ணன், நான், தங்கச்சி. அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் இருக்கிறார். புத்தி தெளிவு, பேச்சு தெளிவு, எழுந்து நடக்க மட்டும் முடியாது. பகல் முழுக்க ஒருவர் கூடவே இருக்கவேண்டும். மூன்று வருடம் தங்கச்சி தனியாகப் பார்த்தாள். போன ஜூலையில் அவள் எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொல்லிவிட்டாள். இனிமேல் மூன்று பங்கு. யார் கூடுதலாகப் பார்க்கிறார்களோ, அந்த நாளை மற்றவர்கள் பின்னால் திருப்பித் தரவேண்டும். அவளுக்கு மாடிக் கட்டடம் கட்டுகிற டவர் கிரேன் ஓட்டக் கற்றுக்கொள்ளவேண்டும். சிரிக்காதே, அண்ணன் சிரித்தார். மூன்று மாதப் பயிற்சி, அங்கேயே தங்கவேண்டும், மார்ச் 15 சேரவேண்டும். இடம் கிடைத்துவிட்டது. போன வருடமும் கிடைத்தது, அம்மாவைப் பார்க்க ஆளில்லாமல் விட்டுவிட்டாள்.

இருநூற்று நாற்பது நாள் ஆகிறது. ஆளுக்கு எண்பது. தங்கச்சி பார்த்தது நூற்று எழுபத்துமூன்று. நான் ஐம்பத்தாறு. அண்ணன் பதினொன்று. டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறார், எப்போது கேட்டாலும் டெஸ்ட் இருக்கிறது என்பார். அவளுக்கு வரவேண்டியது தொண்ணூற்று மூன்று நாள். மூன்று மாதம். சரியாகப் பயிற்சிக்குப் போதும்.

நேற்று மாலை மூன்று பேரும் அம்மா கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தோம். தங்கச்சி ஆப்பைத் திறந்தாள். அண்ணன் அறுபத்தொன்பது, நான் ஐம்பத்தாறு, அவள் நூற்றுப் பதினைந்து என்று காட்டியது. ஐம்பத்தெட்டு நாள் அவள் பெயர் இருந்த இடத்தில் அண்ணன் பெயர். ஒரு அடித்தல் இல்லை. துடைத்து வைத்த தரை மாதிரி என்றாயே, அப்படித்தான் இருந்தது.

அண்ணன் போனைக் கையில் வாங்கி நிதானமாகப் படித்துவிட்டுச் சொன்னார்: “முப்பத்தஞ்சு நாள்தான் உனக்கு பாக்கி. நான் சொல்லல, உன் சின்ன அண்ணன் எழுதின ஆப்பே சொல்லுது. முப்பத்தஞ்சு நாள் போயிட்டு வா.”

மூன்று மாதப் பயிற்சிக்கு முப்பத்தைந்து நாள் போய்விட்டு வருவதாம். பாதிக் கிரேன் ஏறுவதா?

அவள் என்னைத்தான் பார்த்தாள். நான் ஆப்பில் ஏதோ கோளாறு மாதிரி இருக்கிறது, பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

இப்போது சொல், பட்டியல்காரி. ஐந்து பேர் நம்புகிற வீட்டுக்காக நீ போட்ட பட்டன் என் வீட்டில் என்ன செய்தது என்று பார். பழைய வரிகளை எடுத்துக் கொடு. எனக்கு வேறு எதுவும் உன்னிடம் வேண்டாம்.


மார்ச் 6

அண்ணா,

கடையில் லீவ் சொல்லிவிட்டு நேற்று மத்தியானத்திலிருந்து இதே வேலை. முதலில் கெட்ட செய்தி. பழைய வரிகள் இல்லை. எங்கேயும் இல்லை. திருத்தினால் பழையதன் மேலேயே எழுதும்படி நான்தான் வைத்தேன், ஸ்கிரீன் அழகாக இருக்கவேண்டும் என்று. ஒரு போனில் திருத்தினால் ஒரு நிமிடத்தில் மற்ற இரண்டு போனிலும் அதே மாதிரி ஆகிவிடும். அதை வேகமாக்கியதும் நான்தான், அதற்கும் ஒருவர் பாராட்டியிருந்தார். ஐந்து தடவை தேடினேன். நீங்கள் எங்கேயாவது ஒரு நகல் எடுத்து வைத்திருந்தால் மட்டும்தான் உண்டு. லிப்டுக்கு ஆறு கயிறு போடுகிறவர் நீங்கள், இதற்கு ஒரு நகல்கூட வைக்கவில்லையா?

பட்டனை இன்று காலை எடுத்துவிட்டேன். யார் பதிந்ததை யார் திருத்தலாம் என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் போதும். நான் யோசித்ததெல்லாம் எங்கள் வாஷிங் மெஷினைத்தான். நோட்டைப் பற்றி நீங்கள் எழுதினபோது, பெரிசு ஏதோ பழைய கதை சொல்கிறது என்று நினைத்தேன். உங்களுக்கு முப்பத்தெட்டு வயதுதான் என்று பிறகுதான் தெரிந்தது. இந்தத் தப்பு என்னுடையது. அதை வேறு யார் தலையிலும் கட்ட மாட்டேன்.

ஆனால் அண்ணா, உங்கள் கடிதத்தை எட்டு தடவை படித்தேன். எட்டாவது தடவை எனக்கு என்மேல் இருந்த கோபத்தில் பாதி உங்கள்மேல் வந்துவிட்டது.

உங்கள் அண்ணன் பதினோரு நாள்தான் வந்தார் என்று உங்களுக்கு ஆப்பைப் பார்க்காமலே தெரியும். ஒரே குடும்பம். ஒரே அம்மா. ஐம்பத்தெட்டு நாள் வராதவர் வந்ததாகச் சொல்கிறார், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள், தங்கச்சி உங்கள் முகத்தைப் பார்க்கிறாள். நீங்கள் சொன்னது ‘ஆப்பில் கோளாறு’. ஆப்பிலா கோளாறு?

நேற்று நர்ஸ் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், பெயர் ஊர் எதுவும் சொல்லவில்லை. வார்டில் இந்த மாதிரி அண்ணன் தம்பிகளை நிறையப் பார்த்திருக்கிறாராம். “அந்த ஆளு அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்க பயந்துக்கிட்டு மூவாயிரம் வரி கோடு எழுதிருக்கான்” என்றார். எண்ணிப் பார்த்தேன். மூவாயிரத்து நூறு.

திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். ஆனால் பழைய வரி கிடைக்காது என்று தெரிந்த பிறகும் நீங்கள் வாயைத் திறக்கவில்லை என்றால், அந்தக் கிரேனில் அவள் ஏறாமல் போனதற்கு என் பட்டன் மட்டும் காரணம் இல்லை. இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது.

பட்டியல்காரி


மார்ச் 11

பட்டியல்காரிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மூன்று நாள் உன்மேல் எரிச்சலில் இருந்தேன். உன் நர்ஸ் அக்காமேல் அதைவிட.

நகல் இல்லை. நேற்று மறுபடி எல்லோரையும் உட்காரச் சொன்னேன். அண்ணனுக்கு டெஸ்ட் இருந்ததாம். டெஸ்ட் முடியும்வரை அவர் ஸ்கூல் வாசலிலேயே நின்று கூட்டி வந்தேன்.

எனக்கு அவரைவிட ஆறு வயது குறைவு. அப்பா போன பிறகு என்னை வேலைக்குச் சேர்த்துவிட்டது அவர்தான். எதிர்த்துப் பேசினதே இல்லை. கடைசியில் சொன்னேன்: “அண்ணா, நீங்க வந்தது பதினோரு நாள். அந்த ஐம்பத்தெட்டு நாளும் இவதான் இருந்தா. நீங்கதான் மாத்தினீங்க. அன்னிக்கே சொல்லிருக்கணும். இப்ப சொல்றேன்.”

அவர் கத்துவார் என்று பார்த்தேன். கத்தவில்லை. ரொம்ப அமைதியாக, எங்கே எழுதியிருக்கிறது காட்டு என்றார். காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. அது அவருக்கும் தெரியும். ஆளுக்கு ஒன்று சொன்னால் யார் சொல்வதை எடுத்துக்கொள்வது என்று சட்டம் பேச ஆரம்பித்தார். தங்கச்சி எழுந்து சமையலறைக்குப் போனாள். போய்விட்டாள், இந்த வருடமும் போய்விட்டது என்று அவள் முதுகைப் பார்த்தே எனக்குத் தெரிந்தது.

அப்போதுதான் அம்மா பேசினார். கட்டிலில், எங்களுக்கு ஒரு கை தூரத்தில்.

“எட்டு மாசமா மூணு பேரும் போனப் பாத்துப் பாத்து எண்ணுறீங்க. ஒருத்தராவது என்னைக் கேட்டீங்களாடா? படுத்திருக்கிறது நானு. பக்கத்துல யாரு இருந்தாங்கன்னு எனக்குத் தெரியாதா?”

அம்மா அண்ணனைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். தன்னைத் திருப்பிப் படுக்க வைக்கும்போது எந்தப் பக்கமாகத் திருப்பவேண்டும் என்று. அறுபத்தொன்பது நாள் பார்த்தவனுக்கு அது தெரிந்திருக்கும். ஒரு நாளைக்கு ஆறு தடவை செய்கிற வேலை. தப்பான பக்கம் திருப்பினால் அம்மா வலியில் கத்திவிடுவார். அண்ணன் கட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இடது என்றார்.

“வலது” என்று சமையலறையிலிருந்து தங்கச்சி குரல் வந்தது.

அம்மா சிரித்தார். பிறகு அழுதார். அண்ணன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் தடுக்கவில்லை.

உன்னிடம் ஒன்று ஒத்துக்கொள்கிறேன். இத்தனை பேர் மெயில் போட்டார்களே, நீலம் கேட்டார்கள், பட்டன் கேட்டார்கள். அந்த ஆப்பில் அம்மாவுக்கு ஓர் இடம் இல்லை என்று யாரும் சொல்லவில்லை. எழுதின எனக்கே தோன்றவில்லை. மூன்று பேர் ஆப் என்றுதானே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இன்று காலை ஏழு மணிக்கு அண்ணன் ஒரு பையோடு வந்து நின்றார். யார் முகத்தையும் பார்க்கவில்லை. டவல் எங்கே இருக்கிறது என்று கேட்டார். தங்கச்சி காட்டவில்லை, தேடட்டும் என்று விட்டுவிட்டாள். தேடிக் கண்டுபிடித்தார். பிறகு அவளே பக்கத்தில் நின்று எப்படித் திருப்புவது என்று சொல்லிக் கொடுத்தாள், டிரைவிங் சொல்லிக் கொடுக்கிறவருக்கு. “மெதுவா, மெதுவா, கண்ணாடியப் பாத்து” என்று அம்மா அவரைக் கிண்டல் பண்ணிக்கொண்டே இருந்தார்.

அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்பார் என்றும் தோன்றவில்லை. தொண்ணூற்று மூன்று நாளில் அவர் பாக்கி அறுபத்தொன்பது, என் பாக்கி இருபத்துநான்கு. தாளில் எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டியிருக்கிறது. பேனா அம்மா கையில்.

சனிக்கிழமை தங்கச்சி கிளம்புகிறாள். பெட்டி கட்டிவிட்டாள்.

ஆப்பை என்ன செய்வது என்று தெரியவில்லை. நீயே சொல்.

லிப்ட் அண்ணன்


மார்ச் 13

அண்ணா,

கடையில் நின்றுகொண்டே படித்தேன். ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒரு தாத்தா, “என்னம்மா, ரிசல்ட்டா?” என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

ஆப்பை மூட வேண்டாம். மூன்று மாற்றம் செய்து வைத்திருக்கிறேன், நீங்கள் பார்க்காமல் வெளியிட மாட்டேன். யார் எழுதினதையும் யாரும் தொட முடியாது, தவறென்றால் கீழே புது வரி, உங்கள் நோட்டு மாதிரியே. வாரம் ஒரு நகல் தானாக எடுத்து வைக்கும். மூன்றாவது, யாருக்காக இந்த முறை போடுகிறோமோ அவருக்கும் ஓர் இடம். அவர் ‘ஆமாம், வந்தார்கள்’ என்று தொட்டால்தான் அந்த நாள் கணக்கில் ஏறும். போன் பிடிக்க முடியாதவர் என்றால் சத்தமாகச் சொன்னாலே போதும், அதை எப்படிச் செய்வது என்று இன்னும் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன்.

வாஷிங் மெஷினுக்கு இந்த மூன்றாவது வேலை செய்யாது, தெரியும். மெஷினை யார் கேட்பது? அங்கே மட்டும் அதை விட்டுவிடலாம். எல்லா வீட்டுக்கும் ஒரே பட்டன் என்று நினைத்ததுதானே என் புத்தி.

கீழே இருப்பதைப் பட்டியலில் போடவேண்டும். உங்கள் வீடு எது என்று யாருக்கும் தெரியாத மாதிரித்தான் எழுதியிருக்கிறேன். ஆனாலும் இந்தத் தடவை கேட்டுவிட்டுத்தான். உங்கள் வீட்டில் நான்கு பேரும் படித்துவிட்டுச் சரி என்று ஒரு வரி அனுப்புங்கள். நான்காவது ஆள் அம்மா. உங்கள் அண்ணனிடம் கேட்கவேண்டுமா என்பதை அம்மாவே முடிவு பண்ணட்டும். ஒருவர் வேண்டாம் என்றாலும் போட மாட்டேன்.

தங்கச்சியிடம் சொல்லுங்கள், மேலே ஏறின முதல் நாள் எனக்கு ஒரு போட்டோ வேண்டும்.

பட்டியல்காரி

பட்டியலுக்கு:

பூட்டில்லாப் பெட்டி மக்களே, பிப்ரவரி 26 அன்று நான் ‘அடுத்து யாரு’ ஆப்பில் ஒரு திருத்து பட்டன் போட்டேன், நீங்கள் கைதட்டினீர்கள், அது ஒரு வீட்டில் ஒருவருடைய ஐம்பத்தெட்டு நாள் உழைப்பை ஒரு நிமிடத்தில் வேறொருவர் பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டது.

அந்தப் பட்டன் வேண்டாம் என்று அதை எழுதினவர் காரணத்தோடு சொன்னார். நான் கேட்கவில்லை. ‘மக்கள் கேட்கிறார்கள்’ என்றேன். பட்டியலில் போடலாமா என்றும் அவரைக் கேட்கவில்லை. ஒரு மனிதர் வேலை முடித்து வந்து தன் வீட்டுக்காக எழுதியதற்கு, நாம் பல்லாயிரம் பேர் போய் அவர் சட்டையைப் பிடித்தோம். காசு வாங்கித் திருடுகிற ஆப்களைப் பார்த்துக் கோபப்படத் தெரிந்த எனக்கு, இலவசமாகக் கொடுத்தவரை நாம் படுத்துகிற பாடு கண்ணில் படவில்லை. வெட்கமாக இருக்கிறது. உங்களுக்கும் கொஞ்சம் இருக்கட்டும்.

இனி எழுதினவர் சரி என்று சொல்லாத எதுவும் இந்தப் பட்டியலில் வராது. ஏற்கெனவே போட்ட நூற்று முப்பதுக்கும் ஒவ்வொருவராகக் கேட்கப் போகிறேன். கடிதம் எழுத ஆள் வேண்டும். ஞாயிறு காலை பதினொரு மணிக்கு நம் குழுவில் கூடுவோம், வருகிறவர்கள் கை தூக்குங்கள்.

இன்னொன்று. பிப்ரவரி 26 முதல் மார்ச் 6 வரை யாராவது அந்த ஆப்பில் எதையாவது மாற்றியிருந்தால், எதை மாற்றினீர்கள் என்று உங்கள் வீட்டில் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். என்னால் அதைக் கண்டுபிடிக்க முடியாது. உங்களால் முடியும்.

கடைசியாக, படுத்திருப்பவரையோ குழந்தையையோ யாரையோ பார்த்துக்கொள்ள இந்த ஆப்பை வைத்திருப்பவர்கள் இன்றைக்கே அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று அவரைக் கேளுங்கள். அவர் சொன்னதை அப்படியே எனக்கு எழுதி அனுப்புங்கள், எத்தனை பேர் அனுப்பினாலும் படிப்பேன்.